கொழும்பில் பதிந்த வடிவமைப்பு கனடாவில் ஏன் செல்லாது? வெளிநாட்டுப் பதிவு பற்றி ஒரு விளக்கம்

யாழ்ப்பாணத்தில் செய்யும் பொருட்கள் இன்று ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச், சிட்னி வரை போகின்றன. பனை ஓலைக் கைப்பை, விளக்குக் கூடு, நகை, பரிசுப் பெட்டி என்று பலதும் அதில் அடக்கம். கூடவே ஒரு முறைப்பாடும் திரும்பி வருகிறது: "எங்கட டிசைனை அங்க ஆரோ அப்படியே செய்து விக்கினம். கொழும்பில பதிஞ்சுதானே வைச்சிருக்கிறம், ஒண்டும் செய்ய ஏலாதா?"

கொழும்புப் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு கனடாவில் எதுவும் செய்ய முடியாது. ஆனால் கொழும்பில் விண்ணப்பித்த நாளிலிருந்து 6 மாதம் வரை ஒரு வாசல் திறந்திருக்கிறது. பலருக்கு அது திறந்திருப்பதே தெரிவதில்லை. தெரியவரும்போது அது மூடிவிடுகிறது. அந்த வாசல் எது, அதற்குள் எப்படி நுழைவது, எங்கே சறுக்கும் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## எதைப் பதிகிறோம்?

இலங்கையில் இதற்கான சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். பதிவு செய்வது கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம். கோடுகளோ நிறங்களோ முப்பரிமாண உருவமோ ஒரு பொருளுக்குத் தனித் தோற்றத்தைக் கொடுத்தால், அதைக் கைத்தொழில் வடிவமைப்பு என்று சட்டம் சொல்கிறது. தொழிற்சாலைப் பொருட்களோடு கைப்பணிப் பொருட்களையும் சட்டம் வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது. ஆகவே வீட்டுத் திண்ணையில் முடையும் பெட்டியும் இதற்குள் வரும்.

மூன்று விடயங்களைப் பிரித்து விளங்கிக்கொள்ள வேண்டும்.

1. காப்பது தோற்றத்தை மட்டும்தான். ஓலையைப் பதப்படுத்தும் முறை, பூட்டு வேலை செய்யும் விதம், தொழில்நுட்பத் தேவைக்காக மட்டுமே அமைந்த வடிவம் ஆகியவை இதில் அடங்கா. அவற்றுக்கு ஆக்கவுரிமை (பேற்றன்ட்) வேறாக இருக்கிறது.

2. பொருளின் பெயரையும் முத்திரையையும் வர்த்தகக் குறி காக்கும். வடிவமைப்புப் பதிவு அதைச் செய்யாது.

3. வடிவம் புதியதாக இருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பின்னிவரும் சுளகையும் கடகத்தையும் நீற்றுப்பெட்டியையும் யாரும் தம் பெயரில் பதிய முடியாது, பதியவும் கூடாது. அவை ஊருக்குப் பொதுவானவை. ஆனால் கடகத்தின் பின்னலை எடுத்து, இதுவரை இல்லாத உருவில் ஒரு மேசை விளக்குக் கூடு செய்தால், அந்த உருவைப் பதியலாம்.

## ஒவ்வொரு நாடும் தனித்தனி ஏன்?

பதிவு என்பது ஓர் அரசு தன் எல்லைக்குள் கொடுக்கும் தனியுரிமை. நல்லூரில் உள்ள காணி உறுதியைக் காட்டி ரொறன்ரோவில் வேலி போட முடியாததுபோலத்தான் இதுவும். உலகம் முழுவதற்கும் செல்லுபடியாகும் வடிவமைப்புப் பதிவு என்று ஒன்று கிடையாது. அப்படி ஒன்று எடுத்துத் தருவதாக யாராவது காசு கேட்டால் கவனமாக இருங்கள்.

நாடுகளை ஒன்றோடொன்று இணைப்பது பாரிஸ் சமவாயம் என்ற சர்வதேச உடன்படிக்கை. இலங்கை 1952ஆம் ஆண்டிலிருந்து அதில் உறுப்பு நாடு. அதன்படி, கனடா தன் குடிமக்களுக்குக் கொடுக்கும் அதே பாதுகாப்பை ஓர் இலங்கையருக்கும் கொடுக்க வேண்டும். வெளிநாட்டவர் என்பதற்காக விண்ணப்பத்தைத் தள்ளிவிட முடியாது. அதோடு உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் உடன்படிக்கை, வடிவமைப்புக்குக் குறைந்தது 10 ஆண்டு பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. துணிகளின் வடிவங்கள் அடிக்கடி மாறுவதால், கட்டணமும் சோதனையும் அவற்றைப் பதிவதற்குத் தடையாகிவிடக் கூடாது என்றும் அது தனியாகச் சொல்கிறது. சேலைக்கரை, பத்திக் வேலை செய்பவர்களுக்கு இது பயன்படும்.

## 6 மாதம்: முழுக் கணக்கும் இதில்தான்

பாரிஸ் சமவாயம் தரும் மிகப் பெரிய வசதி முந்துரிமை. ஓர் உறுப்பு நாட்டில் முதன்முதலாக விண்ணப்பித்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் வேறு உறுப்பு நாடுகளில் விண்ணப்பித்தால், அந்த விண்ணப்பங்களும் முதல் நாளிலேயே கொடுத்தவை போல மதிக்கப்படும். ஆக்கவுரிமைக்கு இது 12 மாதம். அந்த 12 மாதத்தை வடிவமைப்புக்கும் நினைத்துக்கொண்டு ஏமாறுபவர்கள் உண்டு.

ஓர் உதாரணம். கைதடியில் ஒருவர் புதிய விளக்குக் கூடு ஒன்றுக்கு மார்ச் 10 அன்று கொழும்பில் விண்ணப்பிக்கிறார். ஏப்ரலில் அதைச் சந்தைக்கு விடுகிறார். ஜூனில் ரொறன்ரோவில் ஒருவர் அதைப் பார்த்துச் செய்து, தன் பெயரில் கனடாவில் விண்ணப்பித்தும் விடுகிறார். கைதடிக்காரர் ஓகஸ்டில்தான் கனடாவுக்கு விண்ணப்பிக்கிறார், ஆனால் முந்துரிமை கோருகிறார். கனேடிய அலுவலகம் அவருடைய நாளாக மார்ச் 10ஐ எடுத்துக்கொள்ளும். இடையில் அவரே விற்றதும், மற்றவர் விண்ணப்பித்ததும் அவருக்கு எதிராக நிற்காது. செப்டெம்பர் 10 கடந்துவிட்டால் இந்தக் காப்பு போய்விடும்.

இந்தக் காலக்கெடுவில் நான்கு நுணுக்கங்கள் உண்டு.

1. கணக்கு தொடங்குவது விண்ணப்பித்த நாளில்; பதிவுச் சான்றிதழ் கிடைத்த நாளில் அல்ல. சான்றிதழ் வரட்டும், அப்புறம் வெளிநாட்டைப் பார்ப்போம் என்று காத்திருப்பதுதான் அதிகம் நடக்கும் இழப்பு.

2. அதே வடிவமைப்புக்கு மறுபடி ஒரு விண்ணப்பம் போட்டு 6 மாதத்தைப் புதிதாகத் தொடங்க முடியாது. முதல் விண்ணப்பம்தான் கணக்கு.

3. கடைசி நாள் அந்த வெளிநாட்டு அலுவலகத்துக்கு விடுமுறையாக இருந்தால், அடுத்த வேலை நாள் வரை இடமுண்டு. அதை நம்பித் திட்டமிடாதீர்கள்.

4. கொழும்பு விண்ணப்பத்தின் உறுதிப்படுத்திய பிரதியை வெளிநாட்டு அலுவலகம் கேட்கும். அதை விண்ணப்பித்த கையோடு எடுத்து வைத்துவிடுவது நல்லது.

## முகநூலில் போட்ட படம்

இலங்கைச் சட்டத்தின் புதுமை விதி கடுமையானது. விண்ணப்பத்துக்கு முன்பு உலகின் எந்த மூலையில், எந்த வகையில் பொதுமக்களுக்கு வெளிப்பட்டிருந்தாலும் வடிவம் புதியது அல்ல. வடிவமைத்தவர் தானே வெளியிட்டிருந்தாலும் நிலைமை அதுதான். அதிகாரபூர்வமான அல்லது அதிகாரபூர்வமாக அங்கீகரிக்கப்பட்ட சர்வதேசக் கண்காட்சியில் 6 மாதத்துக்குள் காட்டியது மட்டும் விலக்கு. ஒரு கண்காட்சியின் பெயரில் "சர்வதேச" என்று இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். அந்த விலக்கு மிக ஒடுங்கியது.

யாழ்ப்பாணத்தின் வியாபார நாட்காட்டியை இதோடு வைத்துப் பாருங்கள். ஜனவரியில் யாழ்ப்பாணம் சர்வதேச வர்த்தகக் கண்காட்சி. நல்லூர்த் திருவிழாவின்போது வெளிநாடுகளிலிருந்து வந்து நிற்கும் உறவுகள். புதுப் பொருளை முதன்முதலில் காட்ட இந்த இரண்டையும் விட்டால் நல்ல சந்தர்ப்பம் இல்லை. அந்த நேரத்தில்தான் படமும் காணொளியும் எடுக்கப்பட்டு வட்ஸ்அப், முகநூல், டிக்டொக் வழியாக உலகமெங்கும் போகின்றன. விண்ணப்பம் அதற்கு முந்திய வாரத்தில் கொடுபட்டிருந்தால் எந்தச் சேதமும் இல்லை. அடுத்த வாரத்தில் கொடுத்தால், இலங்கைப் பதிவே ஆட்டம் காணும்.

சரி, ஏற்கெனவே வெளியிட்டாகிவிட்டது என்றால் எல்லாம் போய்விட்டதா? இல்லை. பல நாடுகள் வடிவமைத்தவரின் சொந்த வெளியீட்டை ஒரு சலுகைக் காலத்துக்குப் பொறுத்துக்கொள்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம், பிரித்தானியா, சுவிற்சர்லாந்து, கனடா, ஐக்கிய அமெரிக்கா, அவுஸ்திரேலியா ஆகியவற்றில் அது 12 மாதம். அவுஸ்திரேலியா இதை 2022 மார்ச் 10 முதல்தான் கொண்டுவந்தது. ஆகவே சொந்த நாட்டில் பதிய முடியாமல் போன வடிவமைப்பைக் கனடாவில் நேரடியாகப் பதிய முடிகிற வினோதமான நிலைமையும் வரலாம். இந்தியாவிலும் சீனாவிலும் இப்படிப் பொதுவான சலுகை கிடையாது. அங்கே சொந்தப் படமே சொந்த விண்ணப்பத்தைக் கெடுக்கும்.

சலுகைக் காலத்தை விபத்துக்குரிய மருந்தாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த இடைவெளியில் வேறொருவர் தானாகவே அதேபோன்ற ஒன்றை உருவாக்கி வெளியிட்டால், சலுகை உதவாது. முந்துரிமை உதவும்.

## போகக்கூடிய வழிகள்

1. நாட்டுக்கு நாடு நேரடி விண்ணப்பம். யாழ்ப்பாணத்தில் இருக்கும் பெரும்பாலானோருக்கு இதுதான் வழி. அந்தந்த நாட்டு முகவர் அல்லது சட்டத்தரணி ஒருவர் தேவைப்படும். பல இடங்களில் உத்தியோகபூர்வக் கட்டணத்தைவிட முகவரின் கட்டணமே கூட வரும் என்பதால், இரண்டையும் பிரித்து எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

2. ஐரோப்பிய ஒன்றியப் பதிவு. ஸ்பெயினின் அலிகாந்தே நகரில் உள்ள ஐரோப்பிய ஒன்றியப் புலமைச் சொத்து அலுவலகத்தில் ஒரே விண்ணப்பம் கொடுத்தால் 27 நாடுகளுக்கும் செல்லும். ஒரு வடிவமைப்புக்கு 2025 மே 1 முதல் விண்ணப்பக் கட்டணம் 350 யூரோ. 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து 25 ஆண்டு வரை கொண்டுபோகலாம். பிரான்ஸ், ஜேர்மனி, இத்தாலி, நெதர்லாந்து, டென்மார்க் எல்லாம் இதில் அடங்கும்.

நம்மவர்கள் அடிக்கடி தவறவிடுவது இதில் அடங்காத நாடுகளை. சுவிற்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை. நோர்வேயும் இல்லை. பிரித்தானியா 2021 ஜனவரி 1 முதல் முழுமையாகத் தனி. ஈழத்தமிழர் செறிந்து வாழும், பொருட்கள் அதிகம் போகும் இந்த மூன்று இடங்களுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். "ஐரோப்பா முழுவதும் பதிந்தாகிவிட்டது" என்ற நினைப்போடு லண்டன் கடைக்காரருக்குக் கடிதம் அனுப்பினால் அதற்கு மதிப்பு இராது.

3. ஹேக் முறை. ஜெனீவாவில் உள்ள உலகப் புலமைச் சொத்து அமைப்பிடம் ஒரே விண்ணப்பம் கொடுத்துப் பல நாடுகளைத் தெரிவு செய்யலாம். ஒரே வகையைச் சேர்ந்த 100 வடிவமைப்புகள் வரை ஒரு விண்ணப்பத்தில் அடங்கும். கனடா, பிரித்தானியா, ஐரோப்பிய ஒன்றியம், சுவிற்சர்லாந்து, நோர்வே, அமெரிக்கா, ஜப்பான், சீனா எல்லாம் இதில் இருக்கின்றன. இலங்கை இல்லை, இந்தியாவும் அவுஸ்திரேலியாவும் இல்லை. விண்ணப்பதாரருக்கு உறுப்பு நாடொன்றில் குடியுரிமை, வதிவிடம் அல்லது உண்மையாக இயங்கும் வியாபார நிலையம் இருந்தால்தான் இந்த முறையைப் பயன்படுத்தலாம்.

இந்த நிபந்தனையை இரண்டாம் தடவை படிக்க வேண்டும். கனேடிய அல்லது சுவிஸ் குடியுரிமையோடு ஊருக்குத் திரும்பி, இங்கே தொழில் செய்யும் இரட்டைக் குடியுரிமையாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே ஹேக் முறையில் விண்ணப்பிக்கலாம். இலங்கைக் குடியுரிமை மட்டும் உள்ளவர் அவர்களோடு கூட்டு விண்ணப்பதாரராகச் சேர முடியாது. ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் அந்தத் தகுதி இருக்க வேண்டும்.

## "மாமாவின் பெயரில் போடுவோமா?"

இங்கேதான் குடும்பப் பேச்சு வரும். ரொறன்ரோவில் மாமா இருக்கிறார், லண்டனில் தம்பி இருக்கிறான், அவர்கள் பெயரில் பதிந்தால் செலவும் குறைவு, அலைச்சலும் குறைவு. இது சட்டத்துக்குப் புறம்பானது அல்ல. ஆனால் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். வாய்ச்சொல்லாக இருந்த இணக்கம், மாமா வியாபாரத்தைப் பிரித்துக்கொண்டால் அல்லது காலமானால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அப்போது வடிவமைத்தவரே தன் பொருளைக் கனடாவுக்கு அனுப்ப அனுமதி கேட்க வேண்டிவரும்.

இன்னொரு சட்டச் சிக்கலும் இருக்கிறது. முந்துரிமை, முதல் விண்ணப்பம் கொடுத்தவருக்கு அல்லது அவரிடமிருந்து அந்த உரிமையைப் பெற்றவருக்கு மட்டுமே சொந்தம். கொழும்பில் மருமகள் பெயரிலும் கனடாவில் மாமா பெயரிலும் விண்ணப்பம் இருந்தால், இடையில் எழுத்து மூலமான உரிமை மாற்றம் வேண்டும். அதன் திகதி கனேடிய விண்ணப்பத்துக்கு முந்தியதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் முந்துரிமையை யாராவது எதிர்க்கும்போது காட்ட ஒன்றும் இராது.

ஆகவே செய்ய வேண்டியது இது. முடிந்தால் எல்லா நாட்டிலும் வடிவமைத்தவரின் அல்லது அவருடைய கம்பனியின் பெயரிலேயே விண்ணப்பியுங்கள். உறவினர் விற்பனை முகவராக, அனுமதி பெற்றவராக இருக்கட்டும். உறவினர் பெயரில்தான் போட வேண்டுமென்றால், உரிமை எப்போது, என்ன நிபந்தனையில் திரும்பி வரும் என்பதைச் சட்டத்தரணி முன் எழுதிக் கையொப்பமிடுங்கள். சொந்தத்துக்குள் எழுத்து எதற்கு என்று கூச்சப்படத் தேவையில்லை. எழுதி வைத்த சொந்தம்தான் பிறகு கோட்டுக்குப் போகாமல் நிலைக்கும். அமெரிக்காவில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: விண்ணப்பதாரர் யாராக இருந்தாலும், உருவாக்கியவரின் பெயரை உண்மையாகக் குறிப்பிட வேண்டும். அங்கே மாமாவை வடிவமைப்பாளர் என்று எழுதினால் உரிமையே செல்லாமல் போகலாம்.

## படம்தான் உரிமையின் எல்லை

வடிவமைப்புப் பதிவில் சொற்களுக்கு வேலை குறைவு. படத்தில் எது தெரிகிறதோ அதுதான் உரிமை. முன், பின், இடம், வலம், மேல், கீழ், சரிவான கோணம் என்று ஏழு பார்வைகள் இருந்தால் பெரும்பாலான நாடுகளுக்குப் போதும்.

கொழும்பில் அவசரமாகக் கைத்தொலைபேசியில் எடுத்த இரண்டு படங்களோடு விண்ணப்பித்துவிட்டு, பிறகு அமெரிக்காவுக்குக் கோட்டுச் சித்திரங்களைத் தயார்செய்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். முதல் விண்ணப்பத்தில் தெரியாத அடிப்பாகம் இரண்டாவதில் தெரிந்தால், இரண்டும் ஒரே வடிவமைப்பு அல்ல என்று முந்துரிமை மறுக்கப்படலாம். அமெரிக்க அலுவலகம் சுத்தமான கோட்டுச் சித்திரத்தையே விரும்புகிறது. உரிமை கோராத பகுதியை உடைந்த கோட்டில் காட்ட வேண்டும். போக நினைக்கும் நாடுகளில் எது கடுமையாகக் கேட்கிறதோ, அந்த அளவுக்குக் கொழும்புப் படங்களையே முதலில் தயார்செய்துவிட வேண்டும். வரைகலைஞருக்குக் கொடுக்கும் காசு இந்த முழுச் செலவிலும் மிகப் பயனுள்ளது என்பேன்.

கையால் முடையும் பொருளுக்கு இன்னொரு சிரமம் உண்டு. இரண்டு பைகள் ஓலைக்கு ஓலை ஒன்றாக இரா. ஒரு பையின் புகைப்படத்தைப் பதிந்தால், அதில் தற்செயலாக விழுந்த நிற வேறுபாடும் வடிவத்தின் பகுதியாகிவிடும். நகலெடுப்பவர் நிறத்தை மாற்றித் தப்பப் பார்ப்பார். உருவம்தான் புதுமை என்றால், நிறமில்லாத கோட்டுச் சித்திரம் விரிந்த காப்பைத் தரும். பின்னலின் நிறக் கோலம்தான் புதுமை என்றால் நிறத்தோடு பதிய வேண்டும்.

பொருளின் வகையை லொக்கார்னோ வகைப்பாடு என்ற சர்வதேசப் பட்டியலின்படி குறிக்கிறார்கள். கைப்பைகள் 3ஆம் வகுப்பு, பொதிகளும் கொள்கலன்களும் 9, நகைகள் 11, விளக்குகள் 26.

## கொடுத்த பின் நாடுகள் என்ன செய்யும்?

ஐரோப்பிய ஒன்றியமும் பிரித்தானியாவும் புதுமையைச் சோதிப்பதில்லை. வடிவமும் ஆவணமும் சரியாக இருந்தால் விரைவில் பதிந்துவிடும். அதனால் பதிவு இருப்பது மட்டும் வெற்றி அல்ல. எதிராளி அதைச் செல்லாததாக்கும்படி விண்ணப்பிக்கலாம்.

கனடா சோதித்துத்தான் பதியும். அங்கே பாதுகாப்பு விண்ணப்ப நாளிலிருந்து 15 ஆண்டு அல்லது பதிவு நாளிலிருந்து 10 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை. அமெரிக்காவில் இதை வடிவமைப்பு ஆக்கவுரிமை என்று முழுமையாகச் சோதித்துக் கொடுக்கிறார்கள். வழங்கிய நாளிலிருந்து 15 ஆண்டு, இடையில் புதுப்பிப்புக் கட்டணம் இல்லை. இந்தியாவில் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 10 ஆண்டு, மேலும் 5 ஆண்டு நீட்டலாம். தமிழ்நாட்டுச் சந்தையில் நகல் வரும் என்று பயப்படுபவர்கள் இதை மறக்கக் கூடாது.

அவுஸ்திரேலியா வேறு மாதிரி. சோதிக்காமல் பதிந்துவிடுவார்கள், ஆனால் ஒருவர்மேல் வழக்குப் போட வேண்டுமென்றால் முதலில் சோதனைக்குக் கொடுத்து அத்தாட்சி பெற வேண்டும். காலம் மொத்தம் 10 ஆண்டு.

எல்லா நாட்டிலும் பதியக் காசு யாருக்கும் இராது. பொருள் எங்கே விற்கிறது, நகல் எங்கே செய்யப்படக்கூடும் என்ற இரண்டு கேள்விக்கும் விடை எழுதி, இரண்டு அல்லது மூன்று நாட்டைத் தெரிவு செய்வதே சிறு தொழிலாளருக்குப் பொருத்தம்.

## உரிமையைப் பயன்படுத்தும்போது

பதிவிலக்கம் கையில் இருந்தால் இணையவழிச் சந்தைகளில் நகலை அகற்றக் கேட்கலாம். சுங்கத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பித்து எல்லையில் மறிக்கவும் ஐரோப்பிய ஒன்றியத்தில் வழியிருக்கிறது. ஆனால் கோபத்தில் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பும் முன் அந்நாட்டுச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் ஆதாரமில்லாத மிரட்டல் கடிதத்துக்கு எதிராக, கடிதம் பெற்றவரே வழக்குப் போட முடியும்.

புதுப்பிக்கும் நாட்களை ஒவ்வொரு நாட்டுக்கும் தனியாகக் குறித்து வையுங்கள். இலங்கையில் 5 ஆண்டுக்கு ஒருமுறை, இரண்டு தடவை புதுப்பித்து மொத்தம் 15 ஆண்டு. நாள் தவறிவிட்டால் உடனே கைவிட வேண்டியதில்லை. பாரிஸ் சமவாயத்தின்படி உறுப்பு நாடுகள் புதுப்பிப்புக் கட்டணத்துக்குக் குறைந்தது 6 மாத அவகாசம் தர வேண்டும். அதற்கு மேலதிகக் கட்டணம் கேட்கலாம். முகவரின் மின்னஞ்சல் முகவரி மாறினாலும் உங்கள் முகவரி மாறினாலும் உடனே அறிவித்துவிடுங்கள், ஏனென்றால் நினைவூட்டல் வராதது சாட்டாக ஏற்கப்படுவதில்லை.